எலுமிச்சம்பழ ஃபாதரும் என் மகள் கல்யாணமும்

ஐஸ் ஹாக்கி என்கிற விளையாட்டை நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்கும் ஆசையும் இல்லை. ஒரு ரப்பர் வட்டை இரண்டு கூட்டம் மட்டையோடு துரத்துகிறது. வட்டு கிடைக்காவிட்டால் ஆளை அடிக்கிறது. சுவரில் மோதுகிறார்கள், பல் விழுகிறது, அடித்தவனை இரண்டு நிமிடம் ஓரமாக உட்கார வைக்கிறார்கள், எழுந்து வந்து மறுபடியும் அடிக்கிறான். இதைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் ஜனம் வருகிறதாம். எங்கள் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தீர்ந்துபோனால் இதைவிட நல்ல சண்டை நடக்கும். டிக்கெட் கிடையாது.

ஆனாலும் ஒரு வருடம் அந்த விளையாட்டு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம் என் தம்பி.

கோயம்புத்தூரில் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் மெஸ் நடத்துகிறோம். என் தம்பி சாமியார். கத்தோலிக்க சாமியார். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு நகரத்தில் ஒரு கோயிலுக்குப் பங்குச் சாமியாராக இருக்கிறான். அங்கே சாமியாராகப் போக ஆள் இல்லை. அதனால் நம் ஊரிலிருந்து பம்ப்செட் போவது போல சாமியாரும் போகிறார்கள். பம்ப்செட்டுக்காவது கேரண்டி கார்டு உண்டு. இவன் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது, மூன்று தடவைதான் வந்திருக்கிறான்.

என் மகளுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. இரண்டு பேரும் ஒரே ஆபீஸ், அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீடு சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபை. நாங்கள் கத்தோலிக்கர்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே கிறிஸ்தவர்கள்தான். உள்ளே வந்து பார்த்தால் தெரியும். நாங்கள் மாதாவுக்கு மாலை போடுவது அவர்களுக்கு ஆகாது. அவர்கள் ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்வது எங்களுக்கு ஆகாது. எந்தக் கோயிலில் கல்யாணம் என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்பு நாலு உட்கார்வு உட்கார்ந்து பேசினோம். கடைசியில் சம்பந்தியம்மா ஒரு வழி சொன்னார்கள்.

"பொண்ணுக்குத் தாய்மாமனே ஃபாதருங்கறீங்க. அவுரே வந்து நடத்திக் குடுக்கறதுன்னா உங்க கோயில்லயே வெச்சுக்கலாமுங்க. அவுரு வர முடியலைன்னா எங்க சபையில, எங்க ஐயரு நடத்துவாருங்க. இதுல ஒண்ணும் மனஸ்தாபம் இல்லீங்களே."

அவர்கள் சபையில் போதகரை ஐயர் என்பார்கள். எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? நான் வளர்த்த தம்பி, நான் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில், என் மகளுக்குத் தாலி எடுத்துக் கொடுப்பான். அடுத்த ஈஸ்டர் முடிந்து மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலை என்று தேதி குறித்தோம். தம்பி அங்கிருந்து "வாரேங்க்கா, கட்டாயம் வாரேன்" என்றான். நானும் நம்பினேன்.

அந்த செப்டம்பரில்தான் சனியன் பிடித்தது.

தம்பியின் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஐஸ் ஹாக்கி மைதானம். அந்த ஊர் கிளப்பு பழைய கிளப்பு, சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். பெயர் மட்டும்தான் பெரிது, தோற்பதுதான் வேலை. ஆட்டத்துக்கு நடுவில் ஐஸைச் சீவி, சுடுதண்ணீர் ஊற்றி மறுபடி வழுவழுப்பாக்க ஒரு வண்டி இருக்கிறது. டிராக்டருக்கும் தண்ணி லாரிக்கும் பிறந்தது மாதிரி இருக்கும். அந்த வருடம் கிளப்பு புது வண்டி வாங்கியது. மேனேஜர் வந்து, ஃபாதர் மந்திரித்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். தம்பி தீர்த்தத்தோடு போனான், ஜெபம் சொன்னான், தெளித்தான். அத்தோடு திரும்பி வந்திருக்க வேண்டியதுதானே?

எங்கள் அப்பா லாரி டிரைவர். லாரியின் நெற்றியில் வேளாங்கண்ணி மாதா படம் இருக்கும். ஆனாலும் புது டயர் மாட்டினால்கூட நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் வண்டியை எடுக்க மாட்டார். இந்த ஊரில் இந்து, கிறிஸ்தவன், துலுக்கன் என்று யார் வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். அது மதத்தில் சேர்த்தி இல்லை, மெக்கானிக் வேலையில் சேர்த்தி. தம்பிக்கு அந்த நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. கேன்டீனுக்குப் போய் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டான். வண்டி நசுக்கிக்கொண்டு போனது. வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள்.

அன்றைக்குக் கிளப்பு ஜெயித்தது.

ஜெயித்திருக்கக் கூடாது. தோற்றிருந்தால் எல்லாரும் மறந்திருப்பார்கள். அடுத்த ஆட்டம் வெளியூரில், எலுமிச்சை இல்லை, தோல்வி. அதற்கடுத்தது உள்ளூரில். மேனேஜர் ஒரு கூடை எலுமிச்சையோடு கோயில் வாசலில் நின்றாராம். மறுபடியும் வெற்றி. பிறகு யார் விடுவார்கள்? நம் ஆட்கள்தான் மூடநம்பிக்கை பிடித்தவர்கள் என்று படித்தவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கிளப்பில் கோச் ஜெயிக்கும் வரைக்கும் காலுறை மாற்ற மாட்டார். கடைசிச் சுற்று தொடங்கினால் ஆட்டக்காரர்கள் ஒருவரும் தாடி எடுக்க மாட்டார்கள். ஒருத்தன் இடது காலில்தான் முதலில் பூட்ஸ் போடுவான், மாற்றிப் போட்டுவிட்டால் கழற்றிவிட்டு ஆரம்பத்திலிருந்து போடுவான். அவர்களிடம் போய் எலுமிச்சையை அறிமுகப்படுத்தினால்?

டிசம்பருக்குள் மைதானத்துக்கு வருகிற ஜனம் ஆளுக்கொரு எலுமிச்சை கொண்டுவர ஆரம்பித்தது. வண்டி உள்ளே வரும்போது எல்லாரும் எழுந்து எலுமிச்சையைத் தலைக்கு மேல் பிடிப்பார்கள். நடுவில் என் தம்பி, அங்கி போட்டுக்கொண்டு, வழுக்கி விழாமல் இருக்க ரப்பர் பாயில் நின்றுகொண்டு, நாலு சக்கரத்துக்கும் வைப்பான். வீடியோ அனுப்பினான். மெஸ்ஸில் லேத் பட்டறைப் பையன்கள் பார்த்துவிட்டு உருண்டு உருண்டு சிரித்தார்கள். "அக்கா, நம்ம ஃபாதரு பெரிய ஆளுங்க்கா" என்றார்கள். நானும் சிரித்தேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் தவக்காலம் வந்தது. கிளப்பு கடைசிச் சுற்றுக்குள் நுழைந்தது. எத்தனையோ வருடமாக அங்கே போகாத கிளப்பு. நான் டிக்கெட் போட்டாயா என்று கேட்டால் பேச்சை மாற்றினான். ஒருநாள் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஃபைனலு ஏழு ஆட்டம். யாரு மொதல்ல நாலு செயிக்கறாங்களோ அவுங்களுக்குக் கப்பு."

"இருந்துட்டுப் போகுது. உனக்கென்ன?"

"ஆறு ஆட்டத்துல முடிஞ்சுதுன்னா சனிக்கெழமை ஃபிளைட்டு ஏறிப்போடுவேன். ஏழாவதுக்குப் போச்சுன்னா அது ஞாயித்துக்கெழமை."

"திங்கக்கெழமை காலையில கல்யாணண்டா."

"தெரியுதுக்கா. ஃபைனலுக்கே போகணுமில்ல மொதல்ல. முடிஞ்சா வாரேன்."

முடிஞ்சா வாரேன். என் மகள் கல்யாணத்துக்கு. என் வாயில் வந்ததையெல்லாம் எழுதினால் இதை அச்சடிக்க மாட்டார்கள். பங்குச் சாமியாரா, கிளப்பு பூசாரியா என்று கேட்டேன். அப்பா சாவுக்கு வரவில்லை, விசா என்றாய். எனக்கு ஆபரேஷன் ஆனபோது வரவில்லை, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் என்றாய். இப்போது நாலு எலுமிச்சம்பழத்துக்காக வர மாட்டாயா என்று கேட்டேன்.

"அக்கா, இங்க ஞாயித்துக்கெழமை பூசைக்கு இருவது கெழவிங்க வாராங்க. பனி பேஞ்சா அதுவும் இல்ல. பிரசங்கம் வெச்சா பாதிப் பேரு தூங்கறாங்க. எம்பட பேரே இங்க முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. அங்க போனா மைதானமே எந்திரிச்சு நிக்குதுக்கா. நான் போனா சந்தோசப்படறாங்க."

கோபம் இன்னும் அதிகமாகி போனை வைத்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போனேன். நவநாள் ஜெபம். அங்கே விண்ணப்பப் பெட்டி இருக்கும், சீட்டில் எழுதிப் போட்டால் சாமியார் மைக்கில் வாசிப்பார். பிள்ளை வரம், விசா, வீட்டுக் கடன், குடிகாரப் புருஷன் என்று வரிசையாக வரும். நான் இப்படி எழுதினேன்: வெளிநாட்டில் என் தம்பி இருக்கும் ஊரின் ஐஸ் ஹாக்கி கிளப்பு அரையிறுதியில் தோற்க வேண்டும்.

தலையைக் குனிந்து போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று பார்த்தேன். எங்கள் பங்குச் சாமியார் வயதானவர், கையில் வந்ததை வந்தபடியே வாசிப்பார். "ஐஸ்... ஹாக்கி... கிளப்பு... தோற்க வேண்டும் என்று ஒரு சகோதரி உருக்கமாக வேண்டிக்கொள்கிறார்" என்று வாசித்துவிட்டு கண்ணாடியைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் வழக்கம்போல "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொன்னது. முன்னூறு பேர் சேர்ந்து அந்தக் கிளப்புக்கு எதிராக வேண்டிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார்.

கிளப்பு ஜெயித்துவிட்டது. காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கும் அந்தோணியாரிடம் போய் ஒருத்தரைத் தோற்கடிக்கச் சொன்னது என் தப்பு.

ஈஸ்டர் முடிந்தது. தவக்காலத்தில் வேண்டாம் என்று கட்டி வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினோம். பாதி கொடுத்திருப்போம். ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில் சம்பந்தியம்மாவும் சம்பந்தியும் சொல்லாமல் கொள்ளாமல் மெஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். கோபியிலிருந்து காரில். நான் கையைத் துடைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். காபி வேண்டாம் என்றார்கள். நம் பக்கத்தில் காபி வேண்டாம் என்றால் விஷயம் பெரிது.

சம்பந்தியம்மா போனை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். என் தம்பி, அங்கி, எலுமிச்சம்பழம், சக்கரம். யாரோ அவர்கள் சபை வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

"ஏனுங்க, இது உங்க தம்பிதானுங்களே?"

"ஆமாங்க."

"நாங்க தப்பாச் சொல்லலீங்க. எங்க மனசுல ஒப்பலீங்க. எலுமிச்சம்பழம் வெச்சு மாந்திரீகம் பண்ற கையி, எம்பையன் தாலிய எடுத்துக் குடுக்கறதுன்னா... ஐயருகிட்டயும் கேட்டோமுங்க. அவுரும் சங்கடப்பட்டாருங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைச் செருப்பால் அடிப்பதாக இருந்தாலும் "கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்றுதான் சொல்வார்கள். அந்த ங்க ஒவ்வொன்றும் எனக்கு அறைந்தது போல் இருந்தது. தம்பியைத் திட்டுவதற்கு உலகத்தில் எனக்கு மட்டும்தான் உரிமை இருக்கிறது.

"மாந்திரீகமில்லீங்க அது. வண்டிக்கு வெச்சானுங்க. வண்டிக்கு வெக்காம என்னத்துக்கு வெப்பாங்க? நீங்க வந்த காரு புதுசுதானுங்களே?"

"நாங்க ஜெபம் பண்ணித்தானுங்க எடுத்தோம்."

"எலுமிச்சம்பழம் வெக்கலீங்களா?"

"எங்க ஊட்டுல அந்தப் பழக்கமெல்லாம் கெடையாதுங்க."

சம்பந்தி அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் எங்கள் விலைப்பட்டியல் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். "டிரைவரு வெச்சாருங்க" என்றார் மெதுவாக.

சம்பந்தியம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடியும் போர்டைப் படிக்கப் போய்விட்டார்.

ஆனால் சம்பந்தியம்மா மாறவில்லை. கல்யாணம் எங்கள் சபையில், எங்கள் ஐயர் நடத்துவார், உங்கள் தம்பி வந்தால் முன்வரிசையில் மரியாதையாக உட்காரட்டும். முடியாது என்றால் யோசிக்க வேண்டியிருக்கும். 'யோசிக்க வேண்டியிருக்குமுங்க' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாளில் கல்யாணம்.

அவர்கள் போனபிறகு நான் என் மகளிடம், வேண்டாம் கண்ணு, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றேன். என் மகள் என்னைப் போலத்தான், வாய்க்கு அளவு கிடையாது.

"அம்மா, நீ கட்டிக்கப் போறயா, நான் கட்டிக்கப் போறனா? எந்தக் கோயிலா இருந்தா எனக்கென்ன? மாமன் வந்து நின்னாப் போதும். நிக்கறாரான்னு கேளு. பூசை வெக்கறாரான்னு கேக்காத."

மறுநாள் கோபிக்கு போன் செய்து சரிங்க என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. மாற்றுச் சபையில் கல்யாணம் நடத்த பிஷப் ஹவுஸில் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். என் வீட்டுக்காரர் நாலு நாள் அலைந்து வாங்கினார். ஏற்கனவே கொடுத்தவர்களுக்குப் போனில் சொல்லிவிட்டு, மிச்சப் பத்திரிகைகளில் எங்கள் கோயில் பெயரின் மேல் காகிதப் பட்டை வெட்டி ஒட்டினோம். சாப்பிட வந்த பையன்களும் உட்கார்ந்து ஒட்டினார்கள். ஒட்டிய பட்டைக்கு அடியில் எங்கள் கோயில் பெயர் லேசாகத் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

தம்பிக்குப் போன் செய்தேன். அப்போது ஃபைனலில் இரண்டு கிளப்பும் ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தன.

"நீ பூசை வெக்க வேண்டாம்" என்றேன். "கோபியில சி.எஸ்.ஐ. கோயில்ல கல்யாணம். அவுங்க ஐயரு நடத்துவாரு. உன்ர எலுமிச்சம்பழத்தப் பாத்துப்போட்டு உன்னைய வேண்டாம்னுட்டாங்க."

"அக்கா... என்னாலயா?"

"உன்னாலதான். வேற யாரால? இப்ப உனக்கு அங்கியும் வேண்டாம், தீர்த்தமும் வேண்டாம். அவளுக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான். மாலை எடுத்துக் குடுக்கோணும், சீலை எடுத்துக் குடுக்கோணும், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகோணும். வந்தா வா. வராட்டி அவங்கப்பனே புடிச்சுக் கூட்டிட்டுப் போறாரு. நான் கெஞ்ச மாட்டேன்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நான் நினைத்தது, இனி அவனுக்கு வராமலிருக்க நல்ல சாக்கு கிடைத்துவிட்டது என்றுதான். பூசை வைக்கத்தான் கூப்பிட்டார்கள், அது இல்லையென்று ஆகிவிட்டது, கப்பாவது மிஞ்சட்டும் என்று இருந்துவிடுவான்.

ஐந்தாவது ஆட்டம் ஜெயித்தார்கள். வெள்ளிக்கிழமை ஆறாவது தோற்றார்கள். மூன்றுக்கு மூன்று. மெஸ்ஸில் காலை இட்லிக்கு வந்த பையன்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழாவது ஆட்டம், அதுவும் உள்ளூரில். நான் தம்பிக்குப் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. சேலை வேறு நானே எடுத்து வைத்துவிட்டேன், அவன் எடுத்துக் கொடுத்ததாக இருக்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏர்போர்ட்டிலிருந்து ஒரு ஆட்டோ வந்து மெஸ் வாசலில் நின்றது. அதிலிருந்து தாடிக்காரன் ஒருவன் இறங்கினான். முகத்தை மறைத்த தாடி, கண் உள்ளே போயிருந்தது. டிபனுக்கு வந்தவர்கள் யாரோ பழனிக்குப் போகிற ஆள் என்று நினைத்து வழி விட்டார்கள்.

"அக்கா, பசிக்குது" என்றான்.

தோசை ஊற்றினேன். ஏழு தின்றான். இடையில் விஷயத்தைச் சொன்னான். மேனேஜர் கெஞ்சினாராம், கேப்டன் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டானாம். "எங்கக்கா மக கல்யாணம், நான் நிக்கலைன்னா எங்கக்கா கொன்னே போடுவா" என்று சொன்னானாம். அவர்கள் யோசித்துவிட்டு, அக்கா எவ்வளவு பெரிய ஆள் என்று கேட்டார்களாம்.

"ஏண்டா வந்த?" என்றேன். எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது.

"சாமியாரானதுக்குப் பொறவு பூசை வெக்க வேண்டாம், வெறுமனே வான்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்லைக்கா" என்றான். அடுத்த தோசையை எடுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வெங்காயம் நறுக்குகிற இடம், ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை கோபி. தம்பி கிளப்புக்காரர்களோடு சேர்ந்து எடுக்காமல் விட்டிருந்த தாடியை எடுத்துவிட்டு பட்டு வேட்டி கட்டியிருந்தான். செமினரிக்குப் போனதற்குப் பிறகு அவனை வேட்டியில் இப்போதுதான் பார்க்கிறேன். இடுப்பில் நிற்காமல் என் வீட்டுக்காரரின் பெல்ட்டைப் போட்டிருந்தான். மாலை கொடுத்தான், சேலை கொடுத்தான், என் மகளின் கையைப் பிடித்து அந்த நீளமான கோயிலின் நடுவில் கூட்டிக்கொண்டு போனான். அவள் சிரித்துக்கொண்டு நடந்தாள். அவன்தான் அழுதுகொண்டு நடந்தான்.

ஐயர் நல்ல மனிதர். பிரசங்கம் நான் பயந்த அளவு இல்லை, அதைவிடக் கொஞ்சம்தான் நீளம். கடைசியில் அவரே மைக்கை என் தம்பி பக்கம் நீட்டி, "ஃபாதர், நீங்களும் ஒரு ஆசீர்வாதம் சொல்லுங்களேன்" என்றார். சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இல்லீங்க ஐயரே. இன்னைக்கு நான் மாமனுங்க" என்றான் தம்பி. சம்பந்தியம்மாவின் தோள் இறங்கியது. அதற்குப் பிறகு பந்தி வரைக்கும் அந்த அம்மா என் தம்பியை விடவில்லை. ஃபாதருக்குத் தண்ணி, ஃபாதருக்குச் சேர், ஃபாதருக்கு ஃபேனு.

மண்டபத்தில் முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது தம்பியைக் காணவில்லை. கைகழுவும் இடத்தில், சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் செத்திருந்தது.

"தோத்துட்டாங்களா?" என்று கேட்டேன். பாவமாகத்தான் இருந்தது.

"செயிச்சுட்டாங்கக்கா. மூணுக்கு ஒண்ணு. கப்பு வாங்கிட்டாங்க." போனை என் பக்கம் திருப்பினான். ஊரே தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தது. "வண்டிக்கு யாருமே ஒண்ணும் வெக்கலையாமா. டிரைவரு சும்மா எடுத்துட்டு வந்துட்டாராமா. நான் இல்லாமயே செயிச்சுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவன் முறைத்தான். நான் சிரிப்பதைப் பார்த்து அவனுக்கும் வாய் கோணியது.

"இந்தக் கல்யாணமும் நீ இல்லாமயே நடந்திருக்கும்" என்றேன். "வந்தியல்ல? ரெண்டாம் பந்திக்கு எலை போட ஆள் பத்தல. கோபிக்காரங்க கூப்புடறதுக்கு முந்தியே உக்காந்துட்டாங்க. போ."

அவன் போனை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, இலைக்கட்டை எடுத்துக்கொண்டு போனான். முதல் இலையையே நுனி மாற்றிப் போட்டான். சம்பந்தி அதைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.